பயிற்றுநரா, பதினொருவரா? கொம்பனித்தெருத் தேத்தண்ணிக்கடை வழக்கின் மீது ஒரு விருத்தியுரை

பாயிரம்

நூலின் சிறப்புப் பாயிரத்தில் ஆக்கியோன் பெயர், வழி, எல்லை முதலிய எட்டுச் செய்திகள் இருக்க வேண்டும் என்பது நன்னூலார் விதி. காலம், களம், காரணம் என்ற மூன்றையும் கூட்டிச் சொல்வாரும் உளர் என்று அவரே அடுத்த மூச்சில் ஒத்துக்கொள்கிறார். எட்டும் மூன்றும் பதினொன்று. அந்த மூன்றைக் கூட்டியவர்கள் உதைபந்தாட்டப் பித்தர்கள் என்பது இதனாற் பெறப்படும். உரையாசிரியர்கள் இதை ஏன் சொல்லாமல் விட்டார்கள் என்பது தனி ஆய்வுக்குரியது.

நுதலிய பொருள்: ஓர் அணி மற்ற நாட்களில் நன்றாக ஆடிவிட்டு, நொக் அவுட் சுற்று வந்ததும் வருஷா வருஷம் கவிழ்ந்தால், பிழை நெடுங்காலமாகக் கதிரையை விடாத பயிற்றுநருடையதா, களத்தில் இறங்கிய பதினொருவருடையதா? கேட்போர்: பிளேன்டீக்குக் காசு கொடுத்த பின்னும் எழும்ப மனமில்லாதவர். பயன்: பின்னர் கூறப்படும், கூறப்படாமலும் போகலாம்.

களம் கொழும்பு 2, கொம்பனித்தெரு. பேர வாவி சுற்றி வளைத்த இந்தத் துண்டு நிலத்தை இவ்வாராய்ச்சிக்குத் தெரிந்தெடுத்தது தற்செயல் அல்ல. ஓர் ஒழுங்கையின் பெயரையே கழகத்தின் பெயராக வைத்து, ஜாவா லேன் என்று நாட்டின் முதல்தரப் போட்டிகளுக்கு அனுப்பிய இடம் இது. சிட்டி லீக் மைதானம் இங்கேதான். மலாய்ச் சிப்பாய்களின் ரைஃபிள் படை கலைக்கப்பட்டு நூற்றைம்பது வருஷம் ஆகியும் வீதிப் பெயர்களில் அந்தப் படை இன்னும் அணிவகுத்து நிற்கிறது. 1872 இல் தொடங்கிய மலாய் கிரிக்கெட் கழகத்தின் பாடாங் மைதானமும் பக்கத்தில்தான். இப்போது மாடிக் கட்டடங்கள் நாலு பக்கமும் எழும்பி வெயிலை மறைத்துவிட்டதால் ஒழுங்கைப் பையன்களுக்கு மத்தியானத்திலும் பந்தடிக்க வசதி. அபிவிருத்தியால் உதைபந்தாட்டத்துக்குக் கிடைத்த நன்மையாக இதுவரை நிறுவப்பட்டது இது ஒன்றுதான்.

பரபக்கம்

பிறர் மதத்தை முதலில் எடுத்துச் சொல்லி மறுத்த பிறகே தன் மதத்தை நிறுவ வேண்டும் என்பது சித்தாந்திகள் வகுத்த முறை. அம்முறையைப் பின்பற்றுவோம்.

பிறர் மதம் கொம்பனித்தெருத் தேத்தண்ணிக்கடை ஒன்றில், ரயில் சத்தத்துக்கு நடுவே, தினமும் மாலை ஐந்தரைக்கு மேல் நிறுவப்படுகிறது. அதன் தலைமை ஆசிரியர் ஒரு முன்னாள் ரைட் பேக். முழங்காலில் பட்டி கட்டியிருப்பார். மேசையில் தக்காளி சோஸ் போத்தலைக் கோல் காப்பாளராக நிறுத்தி, அதற்கு முன்னால் நாலு மாலு பான்களை வரிசையாக வைத்துப் பின்வரிசை என்பார். உப்புச் சாடி எதிரணியின் முன்கள வீரர். சாடி இரண்டாவது மூன்றாவது மாலு பான்களுக்கு இடையில் புகுந்து போத்தலைத் தட்டும். “பாத்தீங்களா? இந்த ரெண்டும் எங்க நிக்கோணும்? இங்க. ஏன் நிக்கல்ல? கோச் சொல்லல்ல.” விளக்கம் பாதியில் நிற்கும்போது பார்த்தால் மாலு பான் மூன்றுதான் இருக்கும். வாக்குவாதத்தின் சூட்டில் லெஃப்ட் பேக்கை யாரோ தின்றிருப்பார்கள். அதற்கும் கோச்தான் பொறுப்பு என்பது அவர் கட்சி.

இக்கட்சியைத் தருக்க நூல் முறையில் எழுதினால் இப்படி வரும். இவ்வணி பயிற்றுநர்ப் பிழை உடைத்து, தோல்வி உடைமையால், யாதோர் அணி தோல்வி உடைத்து, அது பயிற்றுநர்ப் பிழை உடைத்து, ஆர்சனல் போல.

உதாரணத்துக்கு ஆர்சனலை எடுத்ததில் நியாயம் உண்டு. ஆர்சென் வெங்கர் அந்த இங்கிலாந்துக் கழகத்தின் பயிற்றுநராக 1996 ஒக்டோபரில் வந்து 2018 மே மாதம் போனவர். மூன்று லீக் பட்டம், ஏழு எஃப்.ஏ. கிண்ணம், லீக்கில் ஒரு பருவம் முழுக்கத் தோற்காத 2003-04 அணி என்று அவர் கணக்கில் நிறைய இருக்கின்றன. ஆனால் சம்பியன்ஸ் லீக்கில் 2011 முதல் 2017 வரை ஏழு பருவம் தொடர்ச்சியாகக் கடைசிப் பதினாறு அணிகளின் சுற்றில் வெளியேறினார். பார்சிலோனா, மிலான், பயர்ன், மறுபடி பயர்ன், மொனாகோ, மறுபடி பார்சிலோனா, மூன்றாம் முறையும் பயர்ன். ஆடியவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், மாறாதவர் அவர் ஒருவரே. ஆகவே காரணம் அவரே. முன்னாள் ரைட் பேக் இதைச் சொல்லி முடிக்கும்போது கடையில் சற்று நேரம் யாரும் வாய் திறப்பதில்லை.

திறக்க வேண்டும். என்னை? அந்த ஏழு தோல்விகளையும் கிட்டப் போய்ப் பார்த்தால் ஏழும் ஒரு சாதி அல்ல. 2013 இல் பயர்னிடம் வீட்டில் 1–3, வெளியே 2–0. கூட்டினால் மூன்றுக்கு மூன்று. 2015 இல் மொனாகோவிடம் அதே 1–3, அதே 2–0, அதே மூன்றுக்கு மூன்று. இரண்டிலும் ஆர்சனலை வெளியேற்றியது எதிரணி வீட்டில் அடித்த கோலுக்குக் கூடுதல் மதிப்புக் கொடுக்கும் விதி. அந்த விதியை ஐரோப்பியச் சம்மேளனம் 2021 இல் எடுத்துவிட்டது. தூக்குத் தண்டனை நிறைவேறிய பிறகு சட்டம் நீக்கப்பட்டால், செத்தவர் குற்றவாளியா நிரபராதியா என்பதைச் சட்டக் கல்லூரி மாணவர்கள்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. அந்த ஏழில் ஐந்து பருவம் ஆர்சனல் தன் குழுவில் இரண்டாமிடம். இரண்டாமிடம் வந்தவனுக்கு அடுத்த சுற்றில் கிடைப்பது வேறு ஏதோ ஒரு குழுவை வென்றவன். அஃதேல், முதலாமிடம் வந்தால் தப்பலாமே என்பீராயின், 2016 இல் வெங்கர் பாரிஸ் அணியை முந்தி முதலாமிடம்தான் வந்தார். அந்த வருஷம் பார்த்து பயர்ன் தன் குழுவில் இரண்டாமிடம் வந்து காத்துக்கொண்டிருந்தது. வீட்டில் 1–5, வெளியே 1–5. இந்தப் பத்துக் கோலுக்கு எந்த விதித் திருத்தமும் உதவாது என்பதை இவ்வாய்வாளர் மறைக்க விரும்பவில்லை.

வெங்கரை மாற்றிப் பார்த்தார்கள். பதினாறில் தோற்கும் நோய் உடனடியாகக் குணமானது: அவருடைய கடைசிப் பருவத்தையும் சேர்த்து ஆறு பருவம் ஆர்சனல் சம்பியன்ஸ் லீக் பக்கமே போகவில்லை. போகாத சுற்றில் தோற்க முடியாது. மருந்தால் நோயாளி போய்விட்டாலும் காய்ச்சல் விட்டது விட்டதுதான்.

பரபக்கத்தின் மறுபாதி

பயிற்றுநர் மாறாமல் வீரர்கள் மாறிய இடத்தைப் பார்த்தோம். இனிப் பயிற்றுநர் மாறிக்கொண்டே இருக்கும் இடம் வேண்டும். அதற்காக விமானம் ஏறத் தேவையில்லை. நாங்கள் குடியிருக்கும் தீவே உலகின் சிறந்த ஆய்வுகூடங்களில் ஒன்று.

இலங்கை 1995 இல் கொழும்பில் இந்தியாவை ஒன்றுக்குப் பூச்சியம் என்று வென்று தெற்காசியக் கிண்ணத்தை எடுத்தது. மேலதிக நேரத்தில் விழுந்த ஒரே கோல், விழுந்த கணமே ஆட்டம் முடியும் பொற்கோல். இச்செய்தியைச் சொல்லாமல் கொழும்பில் உதைபந்தாட்டம் பற்றி எந்தக் கட்டுரையும் எழுதக்கூடாது என்று எழுதப்படாத சட்டம் இருப்பதால் சொல்லியாயிற்று. உலகக் கிண்ணத் தகுதிகாண் போட்டிகளின் முதல் படி வேறு கதை. இரண்டு ஆட்டம், கூட்டி அதிகம் அடித்தவன் அடுத்த சுற்றுக்கு. சுத்தமான வாழ்வா சாவா. 2011 இல் பிலிப்பைன்ஸ்: கொழும்பில் 1–1, மணிலாவில் 0–4. 2015 இல் பூட்டான். 2019 இல் மக்காவோ. 2023 இல் யெமன்: 0–3, கொழும்பில் 1–1.

பூட்டானில் கொஞ்ச நேரம் நிற்போம். 2015 மார்ச்சில் பூட்டான் உலகத் தரவரிசையில் 209 ஆம் இடம். 209க்குப் பிறகு இடமே இல்லை. உலகக் கிண்ணத் தகுதிகாண் போட்டி ஒன்றில் அந்த நாடு கால் வைத்ததே அதுதான் முதல் தடவை. திம்புவில் மூச்சு வாங்கும், அது நுவரெலியாவை விட 400 மீற்றருக்கு மேல் உயரம் என்று முன்கூட்டியே சமாதானம் தயாராக இருந்தது. ஆனால் முதல் ஆட்டம் சுகததாச மைதானத்தில். அங்கே 0–1. சுகததாச மைதானத்தின் உயரம் பற்றி இதுவரை யாரும் முறைப்பாடு செய்ததில்லை. திம்புவில் 1–1 என்று இருந்த ஆட்டத்தை முடியும் தறுவாயில் சென்ச்சோ கியெல்ட்சென் 2–1 ஆக்கினார். இலங்கை வெளியே. பூட்டான் அடுத்த சுற்றுக்குப் போய், செப்டெம்பரில் கட்டாரிடம் பதினைந்து கோல் வாங்கியது. அந்தப் பதினைந்தையும் வாங்க வேண்டியவர்கள் நாங்கள் என்று கடையில் ஒருவர் ஆறுதல் சொன்னார். பயன் என்று பாயிரத்தில் கூறியது இது போன்றவற்றைத்தான்.

இந்த ஆட்டங்களில் மாறாமல் இருந்த பயிற்றுநர் யார்? ஒருவருமில்லை. 2015 இல் சேர்பியர் நிகோலா கவசோவிச். 2019 இல் எங்கள் நிசாம் பக்கீர் அலி. 2021 இல், கொழும்பிலேயே நடந்த நாலு நாட்டுப் போட்டியின் இறுதியாட்டத்தில் சீஷெல்ஸிடம் மூன்றுக்கு மூன்று ஆகி, பெனல்டியில் ஐந்துக்கு ஆறு என்று கிண்ணத்தைக் கைவிட்டபோது அமீர் அலாகிச். 2023 இல், ஒரு காலத்தில் மான்செஸ்டர் சிட்டியின் தலைவராக இருந்த ஸ்கொட்லாந்துக்காரர் அண்டி மொரிசன். 2019 இல் மக்காவோவிடம் முதல் ஆட்டத்தில் தோற்றும் அடுத்த சுற்றுக்குப் போனோம். உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பிந்திய பாதுகாப்பைக் காரணம் காட்டி அவர்கள் வர மறுத்ததால் கிடைத்தது அது. அதை வைத்துப் பகிடி பண்ண இவ்வாய்வாளருக்கு மனமில்லை.

ஆகப் பயிற்றுநர் இருபத்திரண்டு வருஷம் மாறாவிட்டாலும் தோல்வி, போட்டிக்கு ஒருவராக மாறினாலும் தோல்வி. உடன்பாட்டிலும் எதிர்மறையிலும் ஒரே விளைவு வந்தால் அது காரணமாகாது என்பது தருக்கம். அப்படியானால் பிழை வீரர்களுடையது என்று எதிர்க்கட்சி மேசையைத் தட்டும்.

அந்தக் கட்சிக்குச் சாட்சி சின்சினாட்டியில் இருக்கிறது. முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடும் அமெரிக்க ஆட்டத்தில் பெங்கால்ஸ் என்றொரு அணி. மார்வின் லூயிஸ் அதை 2003 முதல் 2018 வரை பதினாறு பருவம் நடத்தினார். ஏழு முறை நொக் அவுட் சுற்றுக்குக் கூட்டிப் போனார். ஏழிலும் தோல்வி. அவற்றில் கடைசி ஆட்டம், 2016 ஜனவரி: இரண்டு நிமிடத்துக்கும் குறைவாக மிச்சம், 16–15 என்று முன்னிலை, பந்தும் கையில். பந்தைக் கீழே போட்டார்கள். பிறகு தம் வீரர்கள் இருவர் எதிரணியுடன் முறைகேடாக நடந்து தலா பதினைந்து யார் தூரம் தண்டம் கட்டினார்கள். பிட்ஸ்பேர்க் 18–16. பயிற்றுநர் எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று பந்தை எப்படிப் பிடித்திருக்க முடியும்? லூயிஸ் போனார். அடுத்தவர் சக் டெய்லர் முதல் வருஷம் பதினாறில் இரண்டை வென்றார். கடைசி இடம் வந்தவனுக்குப் புது வீரர்களில் முதல் தெரிவு என்பது அந்த ஊர் வழக்கம்; அதில் ஜோ பரோ கிடைத்தார். 2022 பெப்ரவரியில் சூப்பர் போல் இறுதியாட்டத்தில் 20–23 என்று மூன்றே புள்ளியில் தோற்றார்கள். அதாவது புதுப் பயிற்றுநரால் அணி சீரழிந்தது, அந்தச் சீரழிவால் நல்ல வீரர் வந்தார், நல்ல வீரரால் அணி எழும்பியது, எழும்பிப் போய் இன்னும் பெரிய இடத்தில் தோற்றது. இதிலிருந்து இரு கட்சியும் தமக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். எடுத்தும்கொண்டன. முன்னாள் ரைட் பேக் மட்டும் கையால் தொட்டது எல்லாம் பவுல் என்று கூறிச் சாட்சியை நிராகரித்தார்.

சுபக்கம்

இனி எம் மதம். தோல்விக்குக் காரணம் எது என்று கேட்பதை நிறுத்தி, காரணம் எது என்று யார், எங்கே இருந்து சொல்கிறார் என்று பார்த்தால் வழக்கு வெளிக்கிறது. காண்டல், கருதல் என்ற இரண்டு அளவைகளாலும் நாம் கண்டது ஒரு விதி. அதைச் சூத்திரமாக எழுதினால்: பழி தூரத்தால் பெருகும், புகழ் தூரத்தால் சுருங்கும்.

காண்டல். ஒழுங்கைக் கழகம் ஒன்று அரையிறுதியில் தோற்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். கோல் காப்பாளர் கால்களுக்கு நடுவே பந்தை விட்டார், கடையில் இருந்த எல்லோரும் கண்டார்கள். அவர் வீடு கடையிலிருந்து மூன்றாவது கதவு. அவருடைய உம்மா பின்னேரம் இதே கடையில் பாண் வாங்க வருவார். அவர் காதில் விழும்படி “ஒங்கட மகன்ட பிழ” என்று சொல்லும் துணிவு கொம்பனித்தெருவில் பிறந்த ஒருவருக்கும் இல்லை. பயிற்றுநர் நுகேகொடையிலிருந்து பஸ்ஸில் வருபவர். ஆகவே பிழை பயிற்றுநருடையது. “அவன் என்ன செய்ற, கோச் முன்னுக்கு வரச் சொல்லீக்கி” என்று நானா ஒருவர் சத்தமாக, உம்மாவுக்கும் கேட்கும்படி, தீர்ப்பு வாசிப்பார்.

கருதல். தேசிய அணிக்குச் சேர்பியாவிலிருந்தும் ஸ்கொட்லாந்திலிருந்தும் பயிற்றுநர் வந்த காலங்களில் கடையின் பழி முழுதும் அவர்கள் மேல் போனது. ஆடியவர்களோ படை அணிகளிலும் பொலிஸ் அணியிலும் சம்பளம் வாங்கும் எங்கள் பையன்கள். ஒருவன் மச்சானின் மச்சான், இன்னொருவனுடன் ஒன்றாகப் படித்த ஒருவர் எந்தக் கடையிலும் இருப்பார். பெல்கிரேடுக்குத் தூரம் அதிகம். எவ்வளவு பழியும் தாங்கும்.

வெங்கரைப் பற்றி மட்டும் ஏன் கடை இரண்டாகப் பிரிகிறது? ஆர்சனலின் பயிற்றுநரும் வீரர்களும் பேர வாவியிலிருந்து சமதூரத்தில் இருப்பதால். தூரம் சமமானால் பழி எப்பக்கமும் சாயாது; அப்போதுதான் உண்மையான விவாதம் பிறக்கிறது. இந்த நாட்டில் உதைபந்தாட்டம் பற்றி நேர்மையாகப் பேச வேண்டுமானால் இங்கிலாந்துக் கழகங்களைப் பற்றித்தான் பேச வேண்டும் என்பது இதன் துணைவிதி.

இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் தலைமையகம் கொழும்பு 7 இல். நடந்து போகலாம். ஆயினும் கொழும்பு 2க்கும் 7க்கும் இடையிலான தூரம் கிலோமீற்றரில் அளக்கும் தூரமல்ல என்பதால், விதிப்படி பழி அங்கேதான் குவிய வேண்டும். குவிவதில்லை. இது விதிக்கு ஒரு பெரும் இடர். லீக் ஒழுங்காக நடக்காத வருஷங்கள், வெளித் தலையீட்டால் 2023 ஜனவரியிலிருந்து ஆகஸ்ட் வரை ஃபீஃபா நாட்டையே தடை செய்த மாதங்கள், தடை நீங்கிய ஆறு வாரத்தில் யெமனுடன் போட்டி: இவற்றை வைத்து ஒரு முழு நூல் எழுதலாம். பயிற்றுநரும் வீரர்களும் அந்த நூலின் அடிக்குறிப்பில்தான் வருவார்கள். இதைக் கடையில் எடுத்துச் சொன்னால் எல்லோரும் சரி என்று தலையாட்டிவிட்டு மறுபடி சோஸ் போத்தலைக் கையில் எடுக்கிறார்கள். நிர்வாகத்தை மேசையில் எந்தப் பொருளை வைத்துக் காட்டுவது என்று தெரியாததே காரணம் என ஊகிக்கலாம்.

தடையும் விடையும்

அற்றேல், 2024 செப்டெம்பரில் வென்றோமே, அதற்கு என்ன சொல்கிறீர் என்பது முதல் தடை. ஆசியக் கிண்ணத் தகுதிகாண் பிளே ஓஃப், எதிரி கம்போடியா. கொழும்பில் 0–0, புனோம் பென்னில் 2–2, பெனல்டியில் 4–2. பயிற்றுநர் குவைத்காரர் அப்துல்லா அல்முதைரி. முன்பு நேபாளத்தை முதன்முதலாகத் தெற்காசிய இறுதியாட்டத்துக்குக் கொண்டுபோய், அங்கே இந்தியாவிடம் 0–3 என்று தோற்றவர். அணியில் பாதிப் பேர் அவுஸ்திரேலியா, ஜெர்மனி, இங்கிலாந்து என்று வளர்ந்த எங்கள் வெளிநாட்டுப் பிள்ளைகள். வெற்றிச் செய்தி வந்த இரவு கடையில் ஒலித்த பெயரோ கோல் காப்பாளர் சுஜான் பெரேராவுடையது. புகழ் தூரத்தால் சுருங்கும் என்ற இரண்டாம் பாதி இதனால் நிலைபெற்றது. அதோடு முதல் பாதிக்கும் ஒரு திருத்தம் வந்தது: முன்பெல்லாம் தோல்வி என்றால் கோச், இப்போது மெல்பேர்னில் வளர்ந்த விங்கரும் பழிக்குத் தகுந்த தூரத்தில் இருக்கிறார். “அவனுக்கு இந்த ஹியூமிட் ஒத்துவராது” என்று ஒருவர் சொல்லத் தொடங்கிவிட்டார்.

இரண்டாம் தடை கடினம். பயிற்றுநரும் அதே ஒழுங்கையில் குடியிருந்தால்? வீரரும் மூன்றாம் கதவு, பயிற்றுநரும் ஏழாம் கதவு என்றால் பழி எங்கே போகும்? விடை: நடுவரிடம். கொம்பனித்தெரு தோற்ற ஆட்டங்களின் நடுவர்கள் அனைவரும் கொட்டாஞ்சேனைக்காரர்கள் என்பது இங்கே நிறுவப்பட்ட உண்மை. கொட்டாஞ்சேனையில் விசாரித்தபோது, அவர்கள் தோற்ற ஆட்டங்களின் நடுவர்கள் அனைவரும் கொம்பனித்தெருக்காரர்கள் எனத் தெரிய வந்தது. வெள்ளவத்தையில் விசாரித்தால் எந்த கிரிக்கெட் மெட்ச் என்று கேட்டார்கள்.

கடைக்கு வரும் இளைஞர் ஒருவர் இப்போது பயிற்றுநர் சான்றிதழ் வகுப்புக்குப் போகிறார். மாலை ஆறு மணிக்குக் கையில் கோப்புடன் அவர் உள்ளே நுழைந்தால், பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை வானிலைக்கு மாற்றுகிறார்கள். அவருடைய வாப்பா கடை முதலாளியின் கூட்டாளி. இன்னும் பத்துப் பதினைந்து வருஷத்தில் அவர் தேசிய அணிப் பயிற்றுநராகி, அணி ஒரு பிளே ஓஃப் ஆட்டத்தில் தோற்குமானால், பழிக்குப் போக்கிடம் இராது. ஆகவே கொட்டாஞ்சேனையிலிருந்து சர்வதேசத் தரத்தில் போதிய நடுவர்களை இப்போதிருந்தே பயிற்றுவிக்குமாறு உரியவர்களை இவ்வாய்வாளர் கேட்டுக்கொள்கிறார்.